மரத்திடமிருந்து மீட்ட லாரி

மார்ச் 3, செவ்வாய்

நூலகப் புத்தகத்தை இன்றுதான் திருப்பிக் கொடுத்தேன். நான்கு நாள் தாமதம். நூலகர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க மண். அம்மா வேலை உடையைக்கூட மாற்றாமல், ஒரு சின்னப் பித்தளைத் தகட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது என் பிரஷ். "பழசுதானே?" என்றாள். பழசில்லை, போன வாரம் வாங்கியது.

தேய்க்கத் தேய்க்க எண்கள் வந்தன. ஒவ்வொரு எண் வந்ததும் அம்மா அதை வாய்விட்டுச் சொன்னாள், குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரி.

"போர் லாரிடி. ஓடைக்கரைல நிக்குது. முழுசா!"

அம்மா வெல்டர். இந்த ஊரில் பாதி வீட்டுக் கதவுகளும் மாடிப்படிக் கைப்பிடிகளும் அவள் பற்றவைத்தவைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வேறு ஆள். உலகப் போர் முடிந்தபோது அப்படியே விட்டுப் போன வண்டிகளைத் தேடிப் புதரும் சேறுமாக அலைவாள். ஆறு வருடத்தில் கிடைத்தது ஒரு கதவு, இரண்டு சக்கரம், பாதி என்ஜின். முழு வண்டி இதுதான் முதல் தடவை.

அப்பா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "உங்கம்மாவுக்குத் துருப்பிடிச்சது எதைப் பார்த்தாலும் விடவே மனசு வராது. என்னைக் கட்டிக்கிட்டதே அப்படித்தான்."

மார்ச் 8, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

முதலில் எனக்கு லாரியே தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. அப்புறம் மரத்துக்கு முன்னால் ஒரு மூக்கு, இரண்டு விளக்குக் குழி. லாரியின் பின்பக்கப் பலகைகள் என்றோ மக்கிப்போய்விட்டன. அந்த இடத்தில், லாரியின் எலும்புக்கூட்டுக்கு நடுவே, மரம் நேராக மேலே வளர்ந்திருக்கிறது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளவில்லை.

எலும்புக்கூடு என்று நான் எழுதுவதை அம்மா சேஸ் என்கிறாள். இரண்டு நீளச் சட்டம், அவற்றை ஏணிப் படிகள் மாதிரி இணைக்கும் ஆறு குறுக்குச் சட்டம். மரம் மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே நிற்கிறது. ஏணியைத் தரையில் போட்டு, ஒரு சதுரத்துக்குள் தூண் நட்டது போல. எப்படி எடுப்பது?

மரத்தை வெட்டலாம் என்று நினைத்த நொடியிலேயே நிலத்துக்காரம்மா சொல்லிவிட்டார்: "மரத்துல ஒரு கீறல் விழக்கூடாது. பொந்துல தேனீ இருக்கு. இருபது வருஷமா இருக்கு. புகை, நெருப்பு எதுவும் கிட்ட வரக்கூடாது. மழைக்கு முன்னாடி எடுத்துட்டா வண்டி உங்களுக்கு. இல்லைன்னா பெல்ட்டுக்குச் சொல்லி விட்டுடுவேன்."

பெல்ட் என்பது ஒரு ஆளின் பட்டப்பெயர். பழைய வண்டிகள் சேர்ப்பவர். பட்டாளத்து பெல்ட் ஒன்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருப்பார். அவரும் அங்கே வந்திருந்தார், கூப்பிடாமலே.

"ஏம்மா, இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கற? கை ரம்பம் வெச்சு ரெண்டு பக்கமும் அறுத்துடு. வெளிய எடுத்துப் பத்தவை. நீதான் வெல்டர் ஆச்சே! யாருக்குத் தெரியப்போகுது?"

"வெல்டருக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

மார்ச் 10, செவ்வாய்

அம்மா எழுதிக் கேட்டிருந்ததற்கு அருங்காட்சியகத்திலிருந்து பதில் கடிதம். வாகனக் கூடத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். சேஸ் வெட்டப்படாமல் வந்தால் கூரைக்குக் கீழே இடம் தருவார்களாம். வெட்டி ஒட்டியது என்றால் வேண்டாமாம்.

வேறு வழியும் இல்லை. அம்மாவின் பட்டறை முதலாளி பின்பக்கக் கொட்டகையை ஜூன் கடைசி வரைதான் தருகிறார். அதற்குப் பிறகு வண்டிக்கு நிற்க இடமில்லை. பெல்ட்டுக்குத்தான் போகும். அவர் அதைப் பிரித்துத் தன் வண்டிகளுக்கு உதிரியாக்கிவிடுவார். அதை மறைக்கவும் இல்லை அவர், சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள்! தீக்குச்சியால் ஏணி செய்து, நடுவே என் பென்சிலை நிறுத்தி, ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்பக்கத்து மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏணி பின்னால் வாய் திறந்துகொண்டது. முன்னால் இழுத்தாள். பென்சில் நின்ற இடத்திலேயே நின்றது, ஏணி வெளியே வந்துவிட்டது.

படிகள் ரிவிட் அடித்து இறுக்கியவை, இரண்டு பக்கமும் குமிழ்த் தலை உள்ள தடித்த ஆணிகள். படிக்கு எட்டு, மொத்தம் இருபத்து நான்கு ரிவிட். அவற்றின் தலையைத் துளைத்து எடுக்க வேண்டும், கைத் துளைப்பானால், நெருப்பில்லாமல். வெளியே கொண்டுவந்த பிறகு, அதே ஓட்டைகளில் புது ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சி அடிக்க வேண்டும்.

"உனக்கு ரிவிட் அடிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

இவ்வளவு சந்தோஷமாகத் 'தெரியாது' என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு ஒன்று தெரியாவிட்டால் காது வரை சிவந்துவிடும்.

மார்ச் 22, ஞாயிறு

தேனீக்கள் எழுவதற்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியும்போதே போய்விட்டோம். அம்மா, அப்பா, நான், பல் டாக்டர். டாக்டர் அம்மாவின் கூட்டாளி. வாரம் முழுக்கப் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை என்ஜின் பிடுங்குவார். கார்புரேட்டரின் ஊசித் துளைகளைப் பல் சுரண்டும் கருவியால்தான் சுத்தம் செய்கிறார். "இது கத்தாது, பில்லையும் குறை சொல்லாது" என்கிறார்.

எனக்கும் பதவி கிடைத்துவிட்டது. "ரெக்கார்டு ஆபீசர்" என்று டாக்டர் பெயர் வைத்தார். எதைக் கழற்றினாலும் அதை நான் வரைந்து, எண் போட்டு, அளந்து எழுத வேண்டும்.

மிக முக்கியமானது மூலைக்கு மூலை அளவு. படிகளை எடுத்துவிட்டால் நீளச் சட்டங்கள் இஷ்டத்துக்கு விரிந்துவிடும். முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் திரும்ப அப்படியே நிறுத்த முடியும். நான்காம் படியிலிருந்து ஆறாம் படி வரை, குறுக்கே இரண்டு அளவு. டேப்பின் நுனி உடைந்துபோனது. அதனால் ஒன்று என்று இருக்கும் கோட்டில் பிடித்து, வருகிற அளவில் ஒரு சென்டிமீட்டரைக் கழிக்க வேண்டும்.

நாங்கள் இரண்டாவதை அளக்கும்போது தேனீக்கள் எழுந்துவிட்டன. அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் எழுதும்மா, எனக்கு ஏற்கெனவே மூக்கு பெருசு" என்றார்.

இடமிருந்து வலம்: 199.4
வலமிருந்து இடம்: 201.0

ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் கோணல்! ஒரு விதை வளர்ந்து எஃகைத் தள்ளியிருக்கிறது. இதைப் பற்றி நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஒன்பது ரிவிட். அம்மாவின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மீதிப் பதினைந்தும் முடிந்தன. கடைசி நான்கை அம்மா மல்லாந்து படுத்துக்கொண்டு எடுத்தாள். இரும்புத் தூள் முகத்தில் கொட்டியது. பொந்துக்கு நேர் கீழே அவள் தலை. ஒரு தேனீ அவள் கண்ணாடி மேல் உட்கார்ந்து நடந்தது. அவள் துளைப்பதை நிறுத்தினாள், அது போகும் வரை காத்திருந்தாள், மறுபடி துளைத்தாள். நானாக இருந்தால் ஓடைக்குள் குதித்திருப்பேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்துவிட்டது!!

பின் அச்சை முன்பே கழற்றிவிட்டோம். சட்டங்களுக்கு அடியில் உருளைக் கட்டைகள். நிலத்துக்காரம்மாவின் டிராக்டர் முன்னாலிருந்து இழுக்க, அம்மா மரத்தோடு மரமாக நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் அசைத்தால் ஒரு விரல் தூரம். மரத்தின் மேல் சாக்கைச் சுற்றியிருந்தோம், அதுகூடக் கிழியவில்லை. கடைசியில் ஏணியின் வாய் மரத்தைத் தாண்டியது. யாரும் கைதட்டவில்லை. மரம் மட்டும் தனியாக நின்றது, ஏதோ எழுந்து போன இடத்தில் நிற்கிற மாதிரி.

நிலத்துக்காரம்மா மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து பார்த்தார். "சொன்னதைச் செஞ்சிட்டியே" என்றார் அம்மாவிடம். அம்மாவுக்கு அதுவே ஒரு வாரத்துக்குப் போதும் போல, வீடு வரை பாடிக்கொண்டு வந்தாள். பாட்டு மட்டும் சகிக்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

ரிவிட் பயிற்சி. கொட்டகையில் ஊதுலை வைத்து, வேண்டாத இரும்புத் துண்டுகளில் அடித்துப் பார்த்தோம். நான் காற்றுச் சக்கரத்தைச் சுற்றுவேன். டாக்டர் பழுத்த ரிவிட்டை இடுக்கியால் எடுத்து ஓட்டையில் சொருகுவார். அப்பா அதன் தலைக்கு ஒரு கனத்த இரும்பை முட்டுக் கொடுப்பார். அம்மா மறுபக்கம் சுத்தியலால் அடித்துக் குமிழாக்குவாள். பத்து எண்ணுவதற்குள் முடியணும், இல்லாவிட்டால் ஆறிவிடும்.

முதல் முப்பத்தொன்று குப்பை. முப்பத்திரண்டாவதை அம்மா முத்தமிடப் போனாள். "சூடு! சூடு!" என்று மூன்று பேரும் கத்தினோம்.

மே 3, ஞாயிறு

என் அளவுகளின்படி தரையில் கட்டைகளைப் பதித்து, நீளச் சட்டங்களை அவற்றில் இறுக்கிவிட்டாள் அம்மா. நான்காம் படியை வைத்தால் ஒரு பக்க ஓட்டைகள் சேர்கின்றன, மறுபக்கம் சேரவில்லை. பாதி நிலா மாதிரி தெரிகிறது. ஐந்தும் அப்படியே. ஆறும்.

மத்தியானம் வரை முட்டிப் பார்த்தாள். பெல்ட் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, வந்துவிட்டார்.

"ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணிட்டுப் பெரிய ரிவிட்டா அடி. அதுக்கு மேல என்னம்மா பண்ண முடியும்? எண்பது வருஷ இரும்பு. மழைல, மரத்துல கெடந்தது. அது சொன்ன பேச்சு கேக்குமா?"

அம்மா அந்தப் பாதி நிலா ஒன்றை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஓட்டையைப் பெரிதாக்குவதும் வெட்டுவதுதான். அருங்காட்சியகத்துக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கண்டுபிடிக்காவிட்டாலும், அம்மாவுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு வரை பார்க்கலாம் என்று சொன்னாள். ஆனால் பெரிய துளைப்பான் அலகைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறாள்.

மே 6, புதன்

கடவுளே.

கள நோட்டைப் பார்த்துச் சுத்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் அளவுக்குப் பக்கத்தில் 200.4 − 1 = 199.4 என்று இருக்கிறது. இரண்டாவதுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் 201.0.

நான் கழிக்கவே இல்லை.

200.0. அதுதான் சரியான அளவு. தேனீ வந்துச்சு, அப்பா சிரிப்பு காட்டினார், நான் டேப்பில் இருந்ததை அப்படியே எழுதிட்டேன். ஆறு வாரமா மரம் எஃகைத் தள்ளின கதையை வகுப்பு முழுக்கச் சொல்லிட்டு இருந்தேன். அதுல பாதிக்கு மேல நான் தள்ளினது.

அம்மா அந்த அலகை எடுத்துட்டாள்னா? இருபத்து நாலு ரிவிட்டை வெறும் கையால எடுத்தாளே. யாருக்கும் தெரியாம நானே போய்க் கட்டையை நகர்த்தி வெச்சிடலாமா? எவ்வளவு நகர்த்தணும்னு எனக்கு எங்க தெரியும். சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றது? ரெக்கார்டு ஆபீசராம்.

மே 7, வியாழன்

பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். அம்மா முகமூடி போட்டு ஏதோ கதவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பொறி பறக்கும்போது பக்கத்தில் போகக் கூடாது என்பது சட்டம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிழலில் என் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

முகமூடியை மேலே தூக்கினாள். நான் நோட்டை நீட்டினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "கழிக்கலைம்மா" என்று மட்டும்தான் வந்தது.

அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் அந்த எண்ணைத் தொட்டாள்.

"ஒரு சென்டிமீட்டரா?"

"ஆமா."

"நாலு நாளா அந்த சேஸை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருக்கேன். பாவம்டி அது!"

கொட்டகைக்கு ஓடினாள், நிஜமாகவே ஓடினாள். வலது சட்டத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கட்டைகளைத் தளர்த்தி, புது அளவுக்கு நகர்த்தினாள். நான்காம் படியை இரண்டு பேரும் தூக்கி வைத்தோம். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முழு வட்டம். எட்டும் முழு வட்டம்.

நான் அழுதுவிட்டேன். அவள், "அழுறதுன்னா தள்ளி நின்னு அழு, இரும்பு துருப்பிடிக்கும்" என்றாள்.

வீட்டில் அப்பா: "தையல்காரன் வீட்டுல பொறந்துட்டு டேப் பிடிக்கத் தெரியலையா? வெளிய சொல்லிடாத, ஒரு பய சட்டை தைக்க வரமாட்டான்."

மே 10, ஞாயிறு

இருபத்து நான்கு ரிவிட், ஒரே நாளில்.

இதை எப்படி எழுதுவது? ஆரஞ்சு நிறத்தில் ஒரு விரல் நீள நெருப்பு பறந்து வரும். டாக்டர், "வாயைத் திற!" என்று ஓட்டையிடம் சொல்லிவிட்டுச் சொருகுவார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தன் முழு எடையையும் முட்டில் சாய்ப்பார். அம்மா அடிப்பாள். ஏழு அடி, எட்டு அடி, அதில் கடைசி இரண்டும் மெதுவாக, தட்டிக் கொடுப்பது போல. ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு சாம்பலாகும்போது அங்கே ஒரு வழுவழுப்பான குமிழ் இருக்கும். அவள் முகத்தை நான் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. வேலை செய்யும்போது எப்போதும் முகமூடி போட்டிருப்பாளே.

எல்லாம் முடிந்த பிறகு சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டினாள். இறுகியது மணி மாதிரி பேசும். பதினேழாவது கொஞ்சம் மந்தமாகச் சொன்னது. எனக்குக் கேட்கவே இல்லை. டாக்டருக்கும் கேட்கவில்லை. "பரவாயில்லைங்க, மத்த இருபத்து மூணும் தாங்கும்" என்றார் அவர்.

"தாங்கும், டாக்டர். ஆனா எனக்குக் கேட்டுடுச்சே."

அதைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். இன்னும் ஒன்றரை மணி நேரம்.

ஜூன் 7, ஞாயிறு

என்ஜின் பேசியது! பதினோரு வினாடி. கொட்டகை முழுக்கப் புகை. டாக்டர் இருமிக்கொண்டே ஆடினார்.

ஜூன் 21, ஞாயிறு

அப்பா கூரைத் துணியைத் தைத்து முடித்துவிட்டார். மூன்று ஊசி முறிந்தது. "இந்த வண்டிக்கு இடுப்பே இல்ல" என்று புலம்பல். ஆனால் தையலை எண்ணிப் பார்த்தேன். பழைய துணித் துண்டில் இருந்தது போலவே விரலளவுக்கு ஏழு. யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

அருங்காட்சியகத்து அம்மாள் வந்தார். வெள்ளைத் தலை, தோள் பை. பைக்குள் சுத்தியல். வணக்கம் சொன்ன கையோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

இருபத்து நான்கையும் தட்டினார். நான் மூச்சை விடாமல் எண்ணினேன். பதினேழில் கண்ணை மூடிக்கொண்டேன். மணி.

பிறகு அவரே டேப் எடுத்து மூலைக்கு மூலை அளந்தார். அவர் டேப்புக்கு நுனி இருக்கிறது.

"ஆறு மில்லிமீட்டர் கோணலா இருக்கே. இவ்வளவு பண்ணினவங்க இதை நேராக்கியிருக்கலாமே?"

அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைகளை. "நேராக்கலாம்ங்க. ஆனா சண்டை முடிஞ்சு இத்தனை வருஷமா அது எங்க நின்னுதுன்னு வேற எதுல தெரியும்? அதான் மரம் வெச்ச மாதிரியே விட்டுட்டேன்."

அந்த அம்மாள் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். நிமிர்ந்து, "எப்போ கொண்டு வர்றீங்க?" என்றார்.

ஜூன் 30, செவ்வாய்

கொட்டகைக்குக் கடைசி நாள். பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன், காரணம்: 'குடும்ப நிகழ்ச்சி'. பொய்யில்லை.

அம்மாதான் ஓட்டினாள். நான் பின்னால், அப்பாவின் துணிக்கு அடியில். மனிதர்கள் நடக்கிற வேகம்தான். பேருந்துகள் பொறுமையாகப் பின்னால் வந்தன. அருங்காட்சியக வாசலில் பெல்ட் நின்றார். கதவின் ஒரு பாதி காற்றில் மூடிக்கொண்டே இருந்தது, ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் தாண்டும்போது, "அறுக்காமலே எடுத்துட்டியேம்மா!" என்று கத்தினார். அம்மா ஹாரனை அடித்தாள். ஹாரன் வேலை செய்யவில்லை. வாயாலேயே அடித்தாள்.

ஜூலை 19, ஞாயிறு

வண்டிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையை நான் எழுதித் தர வேண்டுமாம்! ஒரு பக்கம் எழுதினேன். 'காலத்தின் பிடியிலிருந்து மீண்ட' என்று ஆரம்பித்தேன். அம்மா படித்துவிட்டு, "இது யாரு?" என்றாள். அடித்துவிட்டேன். ஐந்து தடவை அடித்த பிறகு மிஞ்சியது:

'சேஸ் வெட்டப்படவில்லை. நடுவே மரம் வளர்ந்ததால் ஆறு மில்லிமீட்டர் கோணல். அது திருத்தப்படவில்லை.'

அம்மாவின் பெயரைக் கீழே போட்டேன். அவள் அதையும் அடித்தாள். நான் திரும்ப எழுதினேன். அவள் திரும்ப அடித்தாள்.

செப்டம்பர் 20, ஞாயிறு

கூடம் இன்றுதான் திறந்தது. வரிசையில் நின்று உள்ளே போனோம். கூட்டம். நம் லாரி மூலையில், விளக்குக்குக் கீழே. சுற்றிலும் ஒரு சிவப்புக் கயிறு.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தன்னை அறியாமல்தான், கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி வலது சட்டத்தைத் தொட்டாள், பதினேழாவது ரிவிட் இருக்கிற இடத்தில்.

காவலர் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் சொன்னார். "கை வைக்காதீங்கம்மா. ரொம்பப் பழைய வண்டி."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரிங்க" என்றாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.